அரிசி ஆலைக் கணக்கரும் அஞ்சல்வழி முதுகலையும்

கேள்வி: எனக்கு வயது 27. திருவாரூரில் பி.காம். முடித்துவிட்டு, ஐந்து ஆண்டுகளாக நீடாமங்கலம் பக்கத்தில் உள்ள ஒரு நவீன அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வழியில்லை. அதனால் நிதித்துறையில் ஒரு முதுகலைப் பட்டத்தை அஞ்சல்வழியில் படிக்க விரும்புகிறேன். தஞ்சாவூரில் ஒரு சேர்க்கை மையத்தில் விசாரித்தபோது, எம்.பி.ஏ. நிதி மேலாண்மையை ஒரே ஆண்டில் முடித்துத் தருவதாகவும், தேர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும், 48,000 ரூபாய் கட்டினால் போதும் என்றும் சொன்னார்கள். அண்ணனோ, அஞ்சல்வழிப் பட்டத்துக்கு எங்கும் மதிப்பில்லை என்கிறார். வங்கி வேலைக்கோ கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ போக வேண்டும் என்பது என் ஆசை. எம்.காம். படிப்பதா, எம்.பி.ஏ. படிப்பதா? கணக்குப் போடுவது என்றால் எனக்குக் கொஞ்சம் பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உடனே பதில் சொல்ல வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் நீங்கள் விசாரித்த மையத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மூன்றாண்டு பி.காம். முடித்த ஒருவர் முதுகலைப் பட்டம் பெற இரண்டு ஆண்டுகள் படித்தாக வேண்டும். நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு ஓராண்டு முதுகலை என்ற ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே, ஒரே ஆண்டில் முடித்துத் தருகிறேன் என்பவர், ஒன்று முன்தேதியிட்டுச் சேர்க்கை காட்டப் போகிறார், அல்லது செல்லாத தாள் ஒன்றை உங்கள் கையில் கொடுக்கப் போகிறார். தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று அவர்கள் சொன்னதற்கு என்ன பொருள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கணக்கு எழுதிப் பிழைக்கிற நமக்கு நாணயத்தைவிடப் பெரிய கைமுதல் கிடையாது. வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் சான்றிதழ் சரிபார்ப்பில் இப்படி ஒரு பட்டம் பிடிபட்டால், வேலை போவதோடு வழக்கும் வரும். அதுவரை நீங்கள் நேர்மையாகச் சம்பாதித்த பெயரும் அதோடு போய்விடும்.

தொலைநிலைக் கல்வியை இன்று நாடு முழுவதும் முறைப்படுத்துவது பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், தொலைநிலைக் கல்விப் பணியகம். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்தக் கல்வியாண்டில், எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்ற பட்டியலை அந்தப் பணியகம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இருந்தால் போதாது. நீங்கள் சேர நினைக்கும் படிப்பின் பெயர், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் பருவத்துக்கும் நேராக இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பகுதிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நம்பிப் படித்த ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15ஆம் கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022இல் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்து, உண்மையாக உட்கார்ந்து படித்து, தேர்வெழுதித் தேறியவர்கள்கூடத் தவித்துப் போனார்கள். அவர்களில் சிலர் என் அலுவலகத்துக்கு வந்து, சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் தொலைநிலைப் படிப்பை ஃபிரான்சைஸ் முறையில் தனியாரிடம் விடக் கூடாது. ஆகவே சேர்க்கையும் கட்டணமும் பல்கலைக்கழகத்தின் இணையதளம் வழியாக, பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். நடுவில் ஒருவர் ரொக்கமாக வாங்கிக் கைச்சீட்டு எழுதிக் கொடுத்தால் அதுவே எச்சரிக்கைதான். 2024-25 முதல் இன்னொரு பாதுகாப்பும் வந்திருக்கிறது. தொலைநிலைப் படிப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரும் அந்தப் பணியகத்தின் இணையதளத்தில், அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் டி.இ.பி. எனப்படும் அடையாள எண் ஒன்றைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால், மாணவர் படித்துப் பெறும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் ஏபிசி என்ற கணக்கின் எண் வேண்டும், அதை ஆதாரைக் கொண்டு டிஜிலாக்கரில் சில நிமிடங்களில் பெற்றுவிடலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.பி.ஏ. சேர்வதாக இருந்தால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். அவர் உங்கள் நன்மையை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் சட்டம் அவர் சொல்வதுபோல் இல்லை. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலை முறையில் வழங்கும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் படித்துப் பெறும் பட்டத்துக்கு இணையானது என்று அதே 2020 விதிமுறைகள் சொல்கின்றன. 2022 செப்டம்பரில் யுஜிசி இதை மறுபடியும் அறிவித்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1985லிருந்தும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002லிருந்தும் இதற்கென்றே நடக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தொலைநிலைப் படிப்புகளை நடத்துகிறது. ஆனால் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை உண்டு. நேர்காணலில் பட்டத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பட்டத்தை வைத்திருப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள், அதற்குப் பதில் வராதபோது அந்தப் பட்டத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. என் அலுவலகத்தில் உதவியாளர் வேலைக்கு வந்த எம்.காம். பட்டதாரிகள் பலரிடம் நானே இதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் கல்லூரியில் படித்தவர்களும் இருந்தார்கள், அஞ்சல்வழியில் படித்தவர்களும் இருந்தார்கள். கணக்கைத் தன் கையால் போட்டுப் படித்தவர்கள்தான் நின்றார்கள்.

இப்போது உங்கள் இரண்டு ஆசைகளையும் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் அவை இரண்டும் ஒரே வழியில் போகவில்லை. வங்கி வேலைக்கு முதுகலைப் பட்டம் தேவையே இல்லை. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் எழுத்தர் தேர்வுக்கும் அதிகாரி தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். அங்கே கதவை மூடுவது வயதுதான். எழுத்தர் பணிக்கு 28, அதிகாரி பணிக்கு 30 என்பது பொது வரம்பு. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு மூன்று ஆண்டுகளும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டுகளும் சலுகை உண்டு. உங்களுக்கு 27 நடக்கிறது. முதலில் முதுகலையை முடிப்போம், பிறகு வங்கித் தேர்வைப் பார்ப்போம் என்று நீங்கள் இருந்துவிட்டால், பட்டம் கைக்கு வரும் நாளில் எழுத்தர் தேர்வுக்கான வயது கடந்திருக்கலாம். ஆகவே வங்கித் தேர்வுக்கு இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள். எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது உங்களுக்கு உதவும். கூட்டுறவு வங்கிகளிலும் கடன் சங்கங்களிலும் உதவியாளர் பணிக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள். அந்த வழியும் மனதில் இருந்தால் அதைத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் எம்.காம்.தான். வணிகவியலில் உதவிப் பேராசிரியராக, எம்.காம். பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு), தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் வேண்டும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எழுத வயது வரம்பு இல்லை. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் முதுகலை ஆசிரியராகப் போவதானாலும் எம்.காம்.முடன் பி.எட். வேண்டும். நிதி மேலாண்மையில் எம்.பி.ஏ. என்பது தனியார் நிதி நிறுவனங்களிலும் பெரிய தொழில் நிறுவனங்களிலும் மேல்நிலைப் பதவிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஏற்றது. நீங்கள் சொல்லும் இரண்டு ஆசைகளுக்கும் அது நேர்வழி ஆகாது. வெளியிலிருந்து பார்த்தால் எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்துக்கு மவுசு கூடுதலாகத் தெரியும். உங்கள் நிலையில் நான் எம்.காம். என்றே சொல்வேன், அதிலும் நிதித்துறைத் தாள்கள் கூடுதலாக உள்ள எம்.காம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 55 விழுக்காடு என்ற எண்ணை முதல் நாளிலிருந்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெறுவதற்கான மதிப்பெண் மட்டும் உங்களுக்குப் போதாது.

நேரத்தைப் பற்றியும் ஒளிவுமறைவு இல்லாமல் பேச வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 30 மணி நேர உழைப்பு என்று தொலைநிலைக் கல்வியில் கணக்கிடுகிறார்கள். 80 கிரெடிட் கொண்ட முதுகலை என்றால் 2,400 மணி நேரம். இரண்டு ஆண்டுகளுக்கு 104 வாரங்கள் என்று வைத்தால், வாரத்துக்கு 23 மணி நேரம் வருகிறது. காலையில் ஒன்றரை மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று வார நாட்களில் வைத்துக்கொண்டு, மீதியை ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து ஈடுகட்டினால் ஏறத்தாழ அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் நம் டெல்டாவில் எல்லா வாரமும் ஒரே மாதிரி போவதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் தை, மாசி இரண்டு மாதமும் ஆலையில் நெல் வண்டிகள் வரிசையில் நிற்கும். எடைச்சீட்டுக்கும் பட்டுவாடாவுக்கும் நடுவில் புத்தகம் திறக்க நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. டிசம்பரில் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகமாக இருந்தால் அந்தத் தேர்வு புயல் காலத்தை ஒட்டியே வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், நனைந்த பாடப் புத்தகங்களைத் திண்ணையில் ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மாணவரை வேதாரண்யம் பக்கத்தில் நான் பார்த்தேன். ஆகவே சித்திரை, வைகாசியையும், குறுவை நடவு முடிந்து ஆலை சற்று ஓய்ந்திருக்கும் ஆடி, ஆவணியையும் உங்கள் முக்கியமான படிப்புக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்புகளை எழுதி அனுப்புவதையும் அந்த மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். இக்னோவில் அதற்கு 30 விழுக்காடு மதிப்பெண், மீதி 70 தேர்வுக்கு. ஒப்படைப்பைக் கடைசி நாளில் வேறொருவர் தாளைப் பார்த்து எழுதுபவர்கள், தங்களுக்குக் கிடைத்த ஒரே பயிற்சியையும் விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு என்றால் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ஆண்டுகளாக ஆலைக் கணக்கு எழுதுபவர் இப்படிச் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. மாதம் ஒரு முறை வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது இருப்பு விவரம், அனுப்புகிறீர்கள் அல்லவா? நெல்லும் அரிசியுமாக இருப்பு 40 லட்சம் ரூபாய் என்றால், நெல் கொடுத்தவர்களுக்கு இன்னும் தர வேண்டிய 8 லட்சத்தைக் கழிக்கிறீர்கள். மீதி 32 லட்சத்தில் முதலாளியின் சொந்தப் பங்கான கால் பங்கு மார்ஜின் போக, வங்கியின் ரொக்கக் கடன் கணக்கான சி.சி. கணக்கில் 24 லட்சம் வரை எடுக்கலாம் என்று வருகிறது. எம்.காம். நிதி மேலாண்மையில் நடப்பு மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், என்று ஒரு பெரிய அத்தியாயம் வரும். நடப்புச் சொத்துகளில் கால் பங்கையாவது தொழில் செய்பவர் தம் நீண்ட கால நிதியிலிருந்து போட வேண்டும் என்று வங்கிக் கடனை ஆராய்ந்த டாண்டன் குழு 1975இல் பரிந்துரைத்த இரண்டாவது முறையை அங்கே படிப்பீர்கள். ஆண்டு விற்பனையில் கால் பங்கு நடப்பு மூலதனம் தேவைப்படும், அதில் விற்பனையின் 20 விழுக்காட்டை வங்கியும் 5 விழுக்காட்டைத் தொழில் செய்பவரும் போட வேண்டும் என்ற நாயக் குழுவின் முறையையும் படிப்பீர்கள். 4 கோடி ரூபாய் விற்பனை உள்ள ஆலைக்கு வங்கி 80 லட்சம், முதலாளி 20 லட்சம். கல்லூரி மாணவர் இதை மனப்பாடம் செய்கிறார். உங்களுக்கோ மாசி மாதத்தில் நெல்லுக்குப் பணம் கேட்டு வாசலில் ஆட்கள் நிற்பதும், விற்ற அரிசிக்குப் பணம் வர ஒரு மாதம் ஆவதும் கண்ணால் கண்ட விஷயம்.

பயம் வருவது பெரும்பாலும் பணத்தின் கால மதிப்பு என்ற இடத்தில்தான். அதையும் ஆலையை வைத்தே ஒரு முறை போட்டுக் காட்டுகிறேன். கறுப்பு அரிசியையும் பழுப்பு அரிசியையும் பிரித்தெடுக்கும் சார்ட்டெக்ஸ் இயந்திரம் ஒன்றை உங்கள் முதலாளி 20 லட்சம் ரூபாய்க்கு வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசிக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் மிச்சம், ஐந்து ஆண்டுகளுக்கு. மொத்தம் 30 லட்சம் வருகிறது, 10 லட்சம் லாபம் என்றுதான் கடைத்தெருவில் சொல்வார்கள். ஆனால் ஐந்தாம் ஆண்டில் வரும் 6 லட்சமும் இன்று கையில் இருக்கும் 6 லட்சமும் ஒன்றல்ல. வட்டி 12 விழுக்காடு என்றால், அடுத்த ஆண்டு வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 89 காசு, அதற்கடுத்த ஆண்டு வருவதற்கு 80 காசு, பிறகு 71, 64, 57 என்று குறைந்துகொண்டே போகும். துல்லியமாகக் கூட்டினால் 3.6048 வருகிறது. அதை 6 லட்சத்தால் பெருக்கினால் 21,62,880 ரூபாய். போட்ட 20 லட்சம் போக 1,62,880 ரூபாய்தான் உண்மையான மிச்சம். இதைத்தான் நிகர நிகழ் மதிப்பு என்கிறார்கள். வட்டி 16 விழுக்காடாக இருந்தால் கூட்டுத்தொகை 3.2743 ஆகிவிடும், அப்போது 35,420 ரூபாய் நட்டம். இயந்திரமும் அதே, அரிசியும் அதே. கடன் வாங்கும் வட்டி மட்டும் மாறியதில் வாங்கலாம் என்பது வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. பெருக்கலும் கூட்டலும் தெரிந்தவருக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. இதற்குப் பிறகு வரும், மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவு, கடனும் சொந்த முதலும் எந்த விகிதத்தில் இருக்கலாம் என்ற மோடிகிலியானி, மில்லர் கோட்பாடு, முதலீட்டைப் பிரித்துப் போட்டு அபாயத்தைக் குறைப்பது பற்றி 1952இல் மார்கோவிட்ஸ் எழுதியது எல்லாம் இந்தப் படிக்கட்டின் மேல் ஏறித்தான் போக வேண்டும். முதல் படியில் கால் ஊன்றிவிட்டால் மற்றவை தானாக வரும் என்று சொல்லமாட்டேன், ஆனால் வரும்.

நான் இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில், கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சியில் இருந்தபோது, நானும் எம்.காம். அஞ்சல்வழியில்தான் படித்தேன். நிதி மேலாண்மைப் புத்தகத்தைப் பேருந்தில் போகும்போதெல்லாம் படித்தேன். தீர்த்து வைத்திருந்த கணக்குகளைக் கண்ணால் படித்துப் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். தேர்வறையில் வினாத்தாள் கைக்கு வந்தபோது எந்தக் கணக்கையும் முதல் வரியிலிருந்து தொடங்கத் தெரியவில்லை. அந்தத் தாள் அரியர் விழுந்தது. அடுத்த ஆறு மாதம், விடையை ஒரு அட்டையால் மூடிவைத்து, ஒவ்வொரு கணக்கையும் நோட்டில் போட்டுப் பார்த்த பிறகே பக்கத்தைத் திருப்பினேன். பின்னாளில் வார இறுதி வகுப்புகளில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு வந்தபோது, நான் முதலில் அவர்கள் கையில் கொடுத்தது அந்த அட்டையைத்தான். தொடர்பு வகுப்புகள் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளைத் தவறவிடாதீர்கள். பாடத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உங்களைப்போலவே வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் இரண்டு பேர் அங்கே அறிமுகமானால், மாசி மாதத்தில் நீங்கள் விட்ட பாடத்தை அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் அதற்கு ஆலையில் நீங்கள் சொல்லும் சொல்லையும் எழுதி வாருங்கள். தேர்வில் கணக்கின் ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டுங்கள். கடைசி விடை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும், ஆகவே மொழிநடை சுமாராக இருப்பவரும் கணக்குத் தாள்களில் நல்ல மதிப்பெண் எடுக்கலாம். ஆலையின் எண்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாக இருந்தால் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தொகைகளை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய கணக்கு அவருடையது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை சிலதான். ஏபிசி எண்ணையும் டி.இ.பி. எண்ணையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். பணியகத்தின் பட்டியலில் எம்.காம். நடத்தும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களைக் குறித்துக்கொண்டு, தேர்வு மையம் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ கும்பகோணத்திலோ இருக்குமா என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேளுங்கள். விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துத் தேர்வுக்குப் போய்த் திரும்ப முடிகிற தொலைவில் மையம் இருப்பது பெரிய விஷயம். வங்கித் தேர்வு அறிவிப்பில் வயது எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். பிறகு, மேலே சொன்ன சார்ட்டெக்ஸ் கணக்கை 15 விழுக்காடு வட்டியில் நீங்களே போட்டு, முதலாளி அந்த இயந்திரத்தை வாங்கலாமா கூடாதா என்று எனக்கு எழுதுங்கள்.